ஒரே மனை, இரண்டு பிணைப்பான்கள்: பாக் நீரிணைக் கரையில் ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

வீடும் அதன் இரண்டு பகுதிகளும்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீடு, மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், பாக் நீரிணையின் அலை ஏறும் எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் தூவானம் நேரே இதன் சுவரில் வந்து படியும். ஒரே மனையில், கடலைப் பார்த்த ஒரே சுவர்க்கோட்டில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு பிணைப்பானால் (கல்லையும் மணலையும் ஒட்டிப் பிடிக்கும் சுண்ணாம்பு, சிமெண்டு போன்ற பொருளால்) எழுப்பப்பட்ட இரண்டு பகுதிகள் ஒட்டி நிற்கின்றன. முதல் பகுதி உரிமையாளரின் பாட்டனார் காலத்தது: செங்கல் சுவர், சிப்பிச் சுண்ணாம்புக் காரை, பனஞ்சட்டத்தின் மேல் நாட்டு ஓடு. இரண்டாவது பகுதி பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சேர்க்கப்பட்டது: கான்கிரீட் தூண், உத்திரம், தளம், அவற்றோடு கடல் பக்கமும் தெருப் பக்கமும் சன்ஷேடு.

பழைய பகுதியில் தரையிலிருந்து இடுப்பளவு வரை பூச்சு உதிர்ந்திருந்தது, சில இடங்களில் செங்கல் இடுக்குக் காரையை விரலால் சுரண்ட முடிந்தது. அதற்கு மேல் சுவர் நூல் பிடித்தாற்போல் நின்றது. புதிய பகுதியின் நிலை வேறு. சன்ஷேடின் அடிப்பாகம் பாளம் பாளமாக விழுந்து, துருவேறிய கம்பிகள் வெளியே தெரிந்தன. தூண்களின் மூலைகளில், உள்ளே கம்பி ஓடும் கோட்டை ஒட்டியே, மேலிருந்து கீழாக விரிசல் விழுந்திருந்தது. தளத்தின் அடியிலும் துருக்கறை படர்ந்திருந்தது. ஒரு தலைமுறைகூட ஆகாத பகுதி இடிக்கும் நிலைக்கு வந்துவிட, மூன்று தலைமுறை கண்ட பகுதி பூச்சு வேலையோடு தப்பித்துக்கொண்டது.

உரிமையாளர் கேட்டது ஒரே கேள்வி: எந்தச் சிமெண்டு போட்டால் இது மறுபடியும் வராது? புதிய பகுதியைக் கட்டிய மேஸ்திரியும் உடனிருந்தார். அவர் தம் தரப்பை உறுதியாகச் சொன்னார்: “நான் 53 கிரேடுதான் சார் போட்டேன். மத்த மூட்டையெல்லாம் சாம்பல் கலந்தது, பிடிப்பு இருக்காது.” இந்த வட்டாரத்தில் பெரும்பாலான கட்டுமானக்காரர்களின் நம்பிக்கை இதுவே என்பதால், அந்த வாக்கியத்தையே இந்த ஆய்வின் தொடக்கப் புள்ளியாகக் கொள்வது பொருத்தமாக இருக்கும். அவர் சொன்னது பொய்யல்ல, 53 கிரேடுதான் போட்டிருந்தார். ஆனால் வீட்டைக் கெடுத்தது பிடிப்புக் குறைவு அல்ல.

உடைத்துப் பார்த்ததில் தெரிந்தவை

சோதனைகள் எளியவை. தூண் மூலையிலும் சன்ஷேடிலும் உளியால் புதிதாக உடைத்த முகத்தில் பினால்ஃப்தலீன் கரைசல் தெளிக்கப்பட்டது. காரத்தன்மை மிச்சமிருக்கும் கான்கிரீட் இதில் அடர் இளஞ்சிவப்பாக மாறும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் காரத்தன்மை இழந்த பகுதி நிறம் மாறாமல் சாம்பலாகவே இருக்கும். சன்ஷேடில் நிறம் மாறாத பகுதி கம்பியையும் தாண்டி உள்ளே போயிருந்தது. தூணில் அப்படியல்ல. கம்பியைச் சுற்றிலும் பளிச்சென்று இளஞ்சிவப்பு, அந்த இளஞ்சிவப்புக்கு நடுவிலேயே கம்பி துருப்பிடித்து, மேல்தோல் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. கம்பியைக் காக்கும் காரத்தன்மை குறையாத இடத்திலும் அது துருப்பிடித்திருக்கிறது என்றால், உப்பிலுள்ள குளோரைடின் வேலை அது. அதே முகத்தில் வெள்ளி நைட்ரேட் கரைசல் தெளித்தபோது வெண்படிவம் தோன்றி அதை உறுதிப்படுத்தியது. மின்னழுத்த அளவியால் தூண்களை அளந்தபோது பல புள்ளிகள் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இருந்தன. செம்பு–செம்பு சல்பேட் மின்முனையை ஒப்பாகக் கொண்டால், அந்த அளவுக்குக் கீழே அரிப்பு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்புண்டு என்பது பொதுவான அளவுகோல்.

அடுத்து, குளோரைடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது. கடல் காற்றிலிருந்து வந்திருந்தால் மேற்பரப்பில் மிகுந்தும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருக்க வேண்டும். துளையிட்டு வெவ்வேறு ஆழத்தில் எடுத்த பொடியைச் சோதித்ததில் கடல் பக்கத் தூண்கள் அப்படித்தான் காட்டின. ஆனால் கடல் காற்றே படாத உள்ளறை உத்திரத்தில் குளோரைடு ஆழத்தோடு குறையவில்லை, எங்கும் ஒரே சீராக இருந்தது. அதாவது, அது வெளியிலிருந்து புகுந்ததல்ல, கலவையோடு கலந்தே உள்ளே போனது. விசாரித்தபோது, கலவைக்கு மனையிலுள்ள கிணற்று நீரே பயன்பட்டது என்று தெரிந்தது. அந்தக் கிணற்று நீரைக் குடிக்க யாரும் நினைத்ததில்லை. கான்கிரீட்டுக்கு ஆகும் என்று மட்டும் நினைத்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டால் இதன் கனம் புரியும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456:2000 படி, கம்பியுள்ள கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு மொத்தக் குளோரைடு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது. கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உள்ள உப்புக் கிணற்று நீரை, கன மீட்டருக்கு 190 லிட்டர் வீதம் ஊற்றினால், தண்ணீரிலிருந்து மட்டுமே 0.38 கிலோ குளோரைடு உள்ளே போய்விடும். கழுவாத கடற்கரை மணலில் 0.1 சதவீதம் குளோரைடு இருந்தால்கூட, 700 கிலோ மணலில் 0.7 கிலோ வந்துவிடும், அந்த மணல் ஒன்றே விதியின் எல்லையைத் தாண்டிவிடும். கடல் நீரையே ஊற்றினால் வரம்பைப் போல ஆறு மடங்கு. கம்பிக்கு மேலிருந்த கான்கிரீட் மறைப்பு, அதாவது கவர், பெரும்பாலான இடங்களில் 15 மி.மீ. அளவுதான் இருந்தது. கடலோரச் சூழலை அதே விதி ‘கடுமை’ என்ற வகையில் வைத்து 45 மி.மீ. கவர் கேட்கிறது. கடல் தூவானம் நேரே படும் பரப்புகள் ‘மிகக் கடுமை’ வகையில் வருகின்றன, அவற்றுக்கு 50 மி.மீ. வேண்டும்.

மேஸ்திரியின் 53 கிரேடு இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும் என்பதே அந்த எண்ணின் பொருள். நுணுக்கமாக அரைக்கப்பட்டிருப்பதால் அது விரைவில் இறுகும். விரைவில் இறுகினால் சென்ட்ரிங்கை விரைவில் கழற்றலாம், அதன் வாடகை குறையும். இது கட்டுபவருக்கு வசதி. கடலோரத்தில் கான்கிரீட் நசுங்கி விழுவதில்லை. உள்ளே கம்பி துருப்பிடித்து, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்டு வீங்கி, கான்கிரீட்டைப் பிளந்துதான் அது விழுகிறது. அதைத் தடுக்கும் வல்லமை அழுத்த வலிமையில் இல்லை. குளோரைடு உள்ளே நடமாடும் வழிகளைப் பிணைப்பான் எவ்வளவு அடைக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

பரிசீலித்த பிணைப்பான்கள்

சாதாரண போர்ட்லண்டு சிமெண்டில் ஏறத்தாழ 95 சதவீதம் கிளிங்கர். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் 1,450 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு எடுப்பது. நீர் பட்டதும் அது இரண்டு பொருள்களைத் தருகிறது. ஒன்று, கான்கிரீட்டுக்கு வலிமை தரும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட். மற்றொன்று, நீற்றுச் சுண்ணாம்பாகிய கால்சியம் ஹைட்ராக்சைடு. இந்த இரண்டாவது பொருள் காரத்தன்மையைக் கொடுத்துக் கம்பியைக் காப்பாற்றினாலும், வலிமைக்குப் பெரிதாக உதவாது, நீரில் கரையவும் செய்யும், கடல் நீரின் மெக்னீசியமும் சல்பேட்டும் முதலில் கை வைப்பதும் அதன் மேல்தான். மாற்றுப் பிணைப்பான்கள் பெரும்பாலும் இந்த நீற்றுச் சுண்ணாம்பைப் பிடித்து மீண்டும் வேலை வாங்குவதிலேயே தம் திறமையைக் காட்டுகின்றன. அனல் மின் நிலையச் சாம்பலிலுள்ள கண்ணாடித்தன்மையான சிலிக்கா அதனுடன் வினைபுரிந்து, அதே கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டைப் புதிதாக உண்டாக்கி, நுண்துளைகளை அடைக்கிறது. சாம்பல் கலந்தால் பிடிப்பு இருக்காது என்று மேஸ்திரி சொன்னதில் உண்மையுள்ள பகுதி, இந்த வினை மெதுவானது என்பது மட்டும்தான்.

சாம்பல் கலந்த போர்ட்லண்டு போசலானா சிமெண்டு, அதாவது பி.பி.சி., இந்தக் கரைக்கு அந்நியமல்ல. ஐ.எஸ். 1489 விதி அதில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பலை அனுமதிக்கிறது. தூத்துக்குடி அனல் மின் நிலையம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இருப்பதால் சாம்பல் லாரிகள் இந்தப் பக்கம் புதிதல்ல. ஆனால் அந்தச் சாம்பலை வாங்கிவந்து மனையில் மண்வெட்டியால் கலக்கும் பழக்கத்தை ஏற்க முடியாது. மின் நிலையத்தின் வடிகட்டியில் உலர்வாகப் பிடிக்கப்படும் நுண்சாம்பல் வேறு, நீரோடு குளத்தில் கொட்டப்பட்டு அள்ளிவரப்படும் சாம்பல் வேறு. பின்னது செங்கல் செய்யவோ பள்ளம் நிரப்பவோ ஆகும், பிணைப்பானாக ஆகாது. தவிர, பி.பி.சி. மூட்டையில் சாம்பல் ஏற்கனவே இருக்கிறது, அதோடு மனையில் மீண்டும் கலந்தால் அளவு யார் கட்டுப்பாட்டிலும் இருக்காது.

இரும்பு உலைக்கசட்டைக் கலந்த சிமெண்டு, கடைகளில் ஸ்லாக் சிமெண்டு என்று கேட்டால் கிடைப்பது, இந்த வீட்டுக்கு முதல் தேர்வாக அமைந்தது. ஐ.எஸ். 455 விதிப்படி அதில் கசடு 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கலாம். உலையிலிருந்து உருகிய நிலையில் வெளியேறும் கசட்டை நீரால் சட்டென்று குளிர்வித்தால் அது படிகமாகாமல் கண்ணாடிபோல் உறைந்துவிடும். அரைத்துச் சேர்க்கும்போது, சுண்ணாம்பின் தூண்டுதலில் அது தானே இறுகும் தன்மையைப் பெறுகிறது. அதிலுள்ள அலுமினா, உள்ளே வரும் குளோரைடில் ஒரு பகுதியை ஃப்ரீடல் உப்பு என்ற சேர்மமாகக் கட்டிப்போட்டுவிடுகிறது. கட்டிப்போடப்பட்ட குளோரைடு கம்பியை நெருங்காது. நுண்துளைகளும் குறுகி ஒன்றோடொன்று தொடர்பு அற்றுப்போவதால், பாதிக்கு மேல் கசடுள்ள கான்கிரீட்டில் குளோரைடு ஊடுருவும் வேகம் சாதாரணச் சிமெண்டைவிடப் பல மடங்கு குறையும். கடல் நீர் படும் கான்கிரீட்டுக்குக் கசட்டுச் சிமெண்டோ போசலானா சிமெண்டோ நல்லது என்று ஐ.எஸ். 456 விதியே சொல்கிறது.

இங்கே பலரும் விழும் ஒரு பொறியையும் சொல்ல வேண்டும். கடலோரம் என்றதும் சல்பேட் தாங்கும் சிமெண்டைப் பரிந்துரைக்கும் வழக்கம் கடைகளில் உண்டு, படித்தவர்களிடமும் உண்டு. கடல் நீரில் சல்பேட் இருக்கிறது, எனவே சல்பேட் தாங்கும் சிமெண்டு என்ற தர்க்கம் கேட்பதற்குச் சரியாகவே படும். ஆனால் அந்தச் சிமெண்டு சல்பேட்டைத் தாங்குவது, அதிலுள்ள டிரைகால்சியம் அலுமினேட்டை 5 சதவீதத்துக்குள் குறைப்பதால்தான். குளோரைடைக் கட்டிப்போட வேண்டிய சேர்மமும் அதுவே. சல்பேட்டும் குளோரைடும் சேர்ந்து வரும் இடத்தில் அதைத் தவிர்த்து, அலுமினேட் 5 முதல் 8 சதவீதம் உள்ள சாதாரணச் சிமெண்டையோ 50 சதவீதத்துக்கு மேல் கசடுள்ள சிமெண்டையோ எடுக்கும்படி விதி வழிகாட்டுகிறது. கம்பி இல்லாத அஸ்திவாரக் கான்கிரீட்டில் சல்பேட் தாங்கும் சிமெண்டு போட்டால் தவறில்லை. கம்பியுள்ள தூணில் அது கடலோரத்துக்கான காப்பு என்று நம்புவதுதான் ஆபத்து.

மற்ற மாற்றுகள் பரிசீலனையில் விரைவாகவே கழிந்தன. பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக் கல் பொடி, மீதி ஜிப்சம் என்ற விகிதத்தில் அமையும் எல்.சி.3 சிமெண்டு குளோரைடைத் தடுப்பதில் சிறந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் அது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது, 2023இல் ஐ.எஸ். 18189 என்ற தர விதியும் வந்துவிட்டது. ஆனால் முடிவெடுத்த காலத்தில் உள்ளூர்க் கடையில் மூட்டையாகக் கிடைக்கவில்லை. சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சிலிகேட்டும் சேர்த்துச் சாம்பலைக் கட்டியாக்கும் ஜியோபாலிமர், தொழிற்கூடத்தில் வார்க்கும் கற்களுக்கும் பலகைகளுக்கும் உரியது. கையுறையில்லாமல் கலவை அள்ளும் சித்தாள்களைக் காரக் கரைசலின் முன் நிறுத்த எனக்கு மனமில்லை. சிலிக்கா நுண்தூளும் உமிச் சாம்பலும் இந்த அளவுள்ள வேலைக்குத் தேவைப்படவில்லை.

தண்ணீர்க் கணக்கு

பிணைப்பானைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடும் என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். இராமநாதபுரக் கடற்கரையில் பிணைப்பானைத் தேர்ந்தெடுப்பது உண்மையில் தண்ணீரைத் தேர்ந்தெடுப்பது என்பதே இந்த ஆய்வில் எனக்குத் தெளிவான செய்தி. கசடும் சாம்பலும் மெதுவாக வினைபுரிபவை. அந்த வினை நடக்க கான்கிரீட்டுக்குள் ஈரம் நீடிக்க வேண்டும். ஈரம் போய்விட்டால் வினை பாதியிலேயே நின்றுவிடும். அப்போது மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை, அதாவது கம்பியைக் காக்க வேண்டிய கவர்ப் பகுதியே, அரைவேக்காடாக நின்றுவிடும். அத்தகைய கான்கிரீட், நன்கு நீராற்றிய, அதாவது வார்த்தபின் பல நாள் ஈரம் காயாமல் காத்த, சாதாரணச் சிமெண்டுக் கான்கிரீட்டைவிடவும் மோசமானது. நீற்றுச் சுண்ணாம்பு குறைவாக இருப்பதால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதை இன்னும் விரைவாகவே காரமிழக்கச் செய்துவிடும்.

எனவேதான் விதி, சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்றச் சொல்கிறது. கலப்புச் சிமெண்டுக்கும் வெப்பமும் வறட்சியுமான காலத்துக்கும் 10 நாளுக்குக் குறையாமல் நீராற்றச் சொல்லி, கலப்புச் சிமெண்டானால் அதை 14 நாளாக்கும்படி பரிந்துரைக்கிறது. இராமநாதபுரத்தில் ஆண்டின் பெரும்பகுதி வெப்பமும் வறட்சியும்தான், அதோடு ஓயாத கடல் காற்றும் சேரும்.

இந்த வீட்டில் கெட்ட தளத்தை இடித்துவிட்டுப் புதிதாக வார்த்த தளம் ஏறத்தாழ 80 சதுர மீட்டர், கனம் 125 மி.மீ. கான்கிரீட் 10 கன மீட்டர் ஆகும். கன மீட்டருக்கு 340 கிலோ சிமெண்டு, நீர்–சிமெண்டு விகிதம் 0.45 என்றால், கலவைக்கு மொத்தம் 1,530 லிட்டர் தண்ணீர் போதும். நீராற்றுவதற்கோ, தளத்தின் மேல் பாத்தி கட்டி 25 மி.மீ. நீர் நிறுத்தினால் தொடக்கத்திலேயே 2,000 லிட்டர். இந்த வெயிலில் நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் 400 லிட்டர், 14 நாளுக்கு 5,600 லிட்டர். ஆக, நீராற்ற மட்டும் 7,600 லிட்டர். கலவைக்குத் தேவையான நீரைப்போல் ஐந்து மடங்கு. இது தளத்துக்கு மட்டும். தூணுக்கும் உத்திரத்துக்கும் தனி.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் இக்கரைக் கிராமங்களில் நல்ல தண்ணீர் குடத்தால் எண்ணப்படும் பொருள். பெண்கள் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக் கொண்டுவரும் தெருவில், வீட்டுத் தளத்தின் மேல் குளம்போல் தண்ணீரை நிறுத்துவது பார்ப்பவர் கண்ணை உறுத்தும் என்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான், கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்குபவர்கள்கூட நீராற்றக் கிணற்று நீரையே ஊற்றுகின்றனர். இளம் கான்கிரீட் அந்த உப்பைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். முன்பக்கக் கதவைத் தாழிட்டுப் பின்பக்கக் கதவைத் திறந்துவைக்கும் வேலை அது.

ஆகவே இங்கே தண்ணீரைக் குறைக்காமல் அதன் இழப்பைக் குறைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. தளத்தில் பாத்தி கட்டாமல், நனைத்த சாக்கை விரித்து, அதன் மேல் பாலித்தீன் தாளைப் போர்த்தி, ஓரங்களில் காற்று புகாதபடி மணல் மூட்டை வைத்தோம். சென்ட்ரிங் கழற்றிய அன்றே தூண்களுக்குச் சாக்கைச் சுற்றி, அதன் மேல் பாலித்தீனைச் சுற்றிக் கட்டினோம். காலையில் தாளைத் தூக்கினால் அதன் அடிப்புறம் முழுக்க நீர்த்துளி பூத்திருக்கும். சாக்கைக் கையில் பிடித்தால் ஈரம் பிசுபிசுக்கும், அன்று தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை என்று அதிலேயே தெரிந்துவிடும். இந்த முறையில் நல்ல தண்ணீரின் தேவை, லாரிச் செலவை உரிமையாளர் முகம் சுளிக்காமல் ஏற்கும் அளவுக்குக் குறைந்தது.

ஒப்பந்தக்காரரின் மறுப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஸ்லாக் சிமெண்டு மெதுவாக இறுகுவதால் தளத்தின் முட்டுகளைக் கூடுதல் நாள் வைத்திருக்க வேண்டும். சாதாரணச் சிமெண்டுக்கே 4.5 மீட்டர் வரை நீளமுள்ள தளத்துக்கு 7 நாள் முட்டு நிற்க வேண்டும் என்பது விதி. அதை இரட்டிப்பாக்கும்படி கேட்டபோது, சென்ட்ரிங் வாடகையை யார் தருவது என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தத் தொகை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதப்பட்டது. சிமெண்டு மூட்டையின் விலை வித்தியாசத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போர் இந்த வரியையும் தண்ணீர் வரியையும் எழுதுவதில்லை. அவற்றை எழுதாதவரை மாற்றுப் பிணைப்பான் என்பது காகிதத்தில்தான் நிற்கும்.

சுண்ணாம்புப் பகுதி

பழைய சுவர் ஏன் தப்பித்தது என்பதற்குச் சுண்ணாம்பின் மகிமை என்று பதில் சொல்லிவிடுவது எளிது. முதல் காரணம் அதைவிட எளியது: அதில் கம்பி இல்லை. குளோரைடு செங்கல்லையும் சுண்ணாம்பையும் இரும்பைத் தின்பதுபோல் தின்பதில்லை. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகும் தனுஷ்கோடியில் தேவாலயச் சுவர்கள் கூரையிழந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பவளக் கல்லாலான அந்தச் சுவர்களுக்குள் துருப்பிடித்து வீங்க எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் சுண்ணாம்புக் காரையின் நுண்துளைத் தன்மை. தரையிலிருந்து ஏறும் உப்பீரம் காரை வழியே வெளியேறி, மேற்பூச்சில் உப்பாகப் பூத்து, பூச்சைத் தூளாக்கி உதிர்க்கும். சில ஆண்டுக்கொருமுறை பூச்சைப் புதுப்பித்தால் சுவர் தப்பிக்கும். இந்த வீட்டில் அப்படி உதிர்ந்த ஒரு பகுதியை இடையில் சிமெண்டால் பூசியிருந்தனர். சிமெண்டுப் பூச்சு உப்பீரத்தை வெளியே விடாமல் அடைத்ததால், ஈரம் பூச்சுக்கு மேலே இன்னும் ஒரு முழம் ஏறிவிட்டது. பூச்சைத் தட்டியபோது வெற்றோசை கேட்டது. நெம்பியதும் தட்டையான ஒரே பாளமாகக் கழன்று விழுந்தது. அதன் பின்முகத்தில் சுண்ணாம்புத் தூளும் ஊசி ஊசியான உப்பும் ஒட்டியிருந்தன.

எனவே பழைய பகுதியில் சிமெண்டுப் பூச்சு முழுவதும் அகற்றப்பட்டு, நீற்றுச் சுண்ணாம்பு, ஆற்று மணல், அரைத்த செங்கல் தூள் ஆகியவற்றைச் சேர்த்த காரை பூசப்பட்டது. நன்கு சுட்ட செங்கல்லின் தூள், சாம்பலைப்போலவே, சுண்ணாம்போடு வினைபுரிந்து நீரிலும் இறுகும் தன்மையைத் தரும். நம் முன்னோர் சுர்க்கி என்று சேர்த்த பொருளும் இன்றைய பி.பி.சி. மூட்டையும் வேதியியலில் ஒரே குடும்பம் என்பதை மேஸ்திரியிடம் சொன்னபோது, அவருக்குச் சாம்பலின் மேலிருந்த சந்தேகம் கொஞ்சம் தளர்ந்தது. கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் சேர்க்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் விரும்பினார். சர்க்கரை சுண்ணாம்பை நீரில் கூடுதலாகக் கரையச் செய்து, வேலை செய்ய அவகாசம் தருகிறது என்பதால் கருப்பட்டிக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதே கருப்பட்டி சிமெண்டுக் கலவையில் சிறிதளவு விழுந்தாலும் இறுகுவதைக் கெடுத்துவிடும். ஆகவே இரண்டு வேலைக்கும் சட்டியும் மண்வெட்டியும் தனித்தனியே வைக்கப்பட்டன.

சுண்ணாம்பைக் குற்றமற்ற பொருளாகவும் கொண்டாட முடியாது. இக்கரையில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் படகு படகாக வெட்டியெடுக்கப்பட்டன. அங்குள்ள 21 தீவுகளில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கியதற்கு அந்த வெட்டு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. 2001இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பழைய வீட்டின் அஸ்திவாரத்திலும் சில பவளக் கற்கள் இருந்தன. அவற்றை அசைக்காமல் விட்டோம், பழுதான இடத்தில் செங்கல்லே வைத்தோம். பூச்சுக்கான சுண்ணாம்பு சூளையில் சுட்ட கிளிஞ்சலிலிருந்து வந்தது.

கிளிங்கரைக் குறைப்பதன் சுற்றுச்சூழல் பலனையும் ஒரு வரியில் பதிவுசெய்யலாம். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ 0.85 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று கொண்டால், தளத்துக்கு ஆன 3.4 டன் சிமெண்டில் பாதியைக் கசடு எடுத்துக்கொண்டதால் 1.4 டன் அளவுக்கு மிச்சம். உரிமையாளர் ஸ்லாக் சிமெண்டுக்கு ஒப்புக்கொண்டது அதற்காக அல்ல.

முடிவும் சன்ஷேடும்

புதிய பகுதியின் கான்கிரீட்டை ஒட்டுப்போட்டுத் தேற்றலாமா என்ற யோசனை கைவிடப்பட்டது. உதிர்ந்த இடத்தை மட்டும் செதுக்கி நல்ல கலவை பூசினால், அந்த ஒட்டுக்குள் இருக்கும் கம்பி பத்திரமாகிவிடும். ஆனால் ஒட்டின் ஓரத்தை அடுத்து, குளோரைடு நிறைந்த பழைய கான்கிரீட்டில் இருக்கும் கம்பி முன்னைவிட வேகமாக அரிக்கத் தொடங்கும். முன்பு பக்கத்துக் கம்பியின் அரிப்பால் அது மறைமுகமாகக் காக்கப்பட்டு வந்தது, ஒட்டு அந்தக் காப்பை நீக்கிவிடுகிறது. கலவையிலேயே உப்பு ஊறிய கட்டடத்தில் இது முடிவில்லாத வேலையாகும். எனவே தூண், உத்திரம், தளம் அனைத்தும் இடிக்கப்பட்டு, ஸ்லாக் சிமெண்டில் எம்35 தரத்தில் (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன் தாங்கும் கான்கிரீட்) புதிதாக வார்க்கப்பட்டன. தண்ணீரைக் கூட்டாமல் கலவை இளகி ஓடுவதற்கு நீர்க்குறைப்பு ரசாயனம் சேர்க்கப்பட்டது. கவர் பிளாக்குகளை அதே கலவையில் 50 மி.மீ. அளவில் முன்கூட்டியே வார்த்து நீராற்றி வைத்துக்கொண்டோம். உடைந்த டைல்ஸ் துண்டையும் ஜல்லியையும் கம்பிக்கு அடியில் செருகும் பழக்கம் முற்றாக நிறுத்தப்பட்டது.

பிணைப்பானை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு அருகிலேயே சான்று இருக்கிறது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பின் காரணமாக 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், எஃகுப் பாகங்களுக்கு பாலிசிலாக்சேன் பூச்சும், முழுவதும் பற்றவைத்த இணைப்புகளும் கையாளப்பட்டுள்ளன. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் அரிப்புச் சோதனை நிலையம் வைத்திருப்பதும் இந்தக் காற்றின் கடுமையைக் காட்டும். ஒரு வீட்டுக்காரரால் துருப்பிடிக்காத எஃகுக்குச் செலவிட இயலாது. அவருக்கு எட்டக்கூடியவை கவர், அடர்ந்த பிணைப்பான், உப்பில்லாத தண்ணீர் ஆகிய மூன்றுதான்.

கடைசியாகச் சன்ஷேடு. வழக்கமாக அது 75 மி.மீ. கனத்தில் வார்க்கப்படும், விளிம்பில் இன்னும் மெலியும். அதற்குள் 50 மி.மீ. கவரை மேலும் கீழும் எங்கே வைப்பது? கனத்தைக் கூட்டினால் பாரம் கூடிக் கம்பியும் கூடும். எந்தப் பிணைப்பானாலும் இந்தக் கணக்கைச் சரிசெய்ய முடியாது. ஆகவே கடல் பக்கம் கான்கிரீட் சன்ஷேடு தவிர்க்கப்பட்டு, சுவரில் செருகிய கருங்கல் தாங்கிகளின் மேல் கடப்பைக் கல் பலகை பதிக்கப்பட்டது. இணைப்புகளுக்குச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்த காரையே வைக்கப்பட்டது. தெருப் பக்கம் மட்டும் கான்கிரீட் சன்ஷேடு வேண்டும் என்று உரிமையாளர் வற்புறுத்தியதால், அதை 125 மி.மீ. கனத்தில், குறைந்த நீட்டத்தில் அமைத்தோம். வாடைக் காலம் முடிந்தபின் மின்னழுத்த அளவியை முதலில் வைத்துப் பார்க்கக் குறித்திருக்கும் இடம் அதுதான்.